டிபெண்டென்சி இன்ஜெக்ஷன் கிளாஸ்களில் இனிட் மெத்தடை யூனிட் டெஸ்ட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கிளாஸுக்குத் தேவையான மற்ற ஆப்ஜெக்ட்களை, அதாவது சார்புகளை, வெளியிலிருந்து கொடுப்பதுதான் டிபெண்டென்சி இன்ஜெக்ஷன்; ஆப்ஜெக்ட்களை உருவாக்கி அந்த வேலையைச் செய்வது கன்டெய்னர். ஸ்பிரிங் மாதிரி ஒரு கன்டெய்னரை நம்பி எழுதும் கிளாஸ்களில், ஆப்ஜெக்ட் உருவானதும் ஒரே ஒருமுறை ஓடவேண்டிய மெத்தட் ஒன்று அநேகமாக இருக்கும். அதுதான் இனிட் மெத்தட். டேட்டாபேஸில் இருக்கும் அட்டவணையை மெமரிக்குக் கொண்டுவரும், இணைப்பைத் திறக்கும், கான்ஃபிக் சரியா என்று பார்க்கும். அப்ளிகேஷனை ஓடவிட்டால் அது தானாக ஓடும். யூனிட் டெஸ்டில் ஓடாது. இங்கே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளம்புபவைதான்.

பதில்கள் ஜாவா, ஸ்பிரிங், ஜேயூனிட் 5 (டெஸ்ட்களை ஓட்டும் லைப்ரரி), மாக்கிட்டோ (நிஜச் சார்புக்குப் பதில் நிற்கும் போலி ஆப்ஜெக்டான 'மாக்'கை உருவாக்கித் தரும் லைப்ரரி) ஆகியவற்றை வைத்து எழுதப்பட்டவை. எடுத்துக்காட்டு எல்லா இடத்திலும் ஒன்றுதான்: கூரியர் கட்டணம் சொல்லும் 'கட்டணப்பட்டியல்' என்ற கிளாஸ். அது 'கட்டணக்களஞ்சியம்' என்ற ரெப்பாசிட்டரியை, அதாவது டேட்டாபேஸை வாசிக்கும் கிளாஸை, சார்ந்தது. கட்டணப்பட்டியலில் உள்ள நிரப்பு() என்ற இனிட் மெத்தட், களஞ்சியத்தின் எல்லாம்() மெத்தடைக் கூப்பிட்டு, வரும் வரிசைகளை ஒரு மேப்பில் போட்டுவைக்கிறது. பிறகு தொகை("வெளியூர்") என்று கேட்டால் 90 என்று பதில் வரும். (ஜாவா யூனிகோடு பெயர்களை ஏற்பதால் இந்தப் பெயர்கள் கம்பைலும் ஆகும். உங்கள் டீம் ஏற்குமா என்பது வேறு விஷயம்.)

இனிட் மெத்தட் என்றால் எது எது? கன்ஸ்ட்ரக்டர் இருக்கும்போது அது எதற்கு?

ஸ்பிரிங்கில் மூன்று வடிவங்கள் உண்டு. @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் ஒட்டிய மெத்தட் ஒன்று. இனிஷியலைசிங்பீன் இன்டர்ஃபேஸ் கேட்கும் ஆஃப்டர்பிராப்பர்ட்டீஸ்செட்() இன்னொன்று. கன்டெய்னர் உருவாக்கி வைத்திருக்கும் ஆப்ஜெக்டைப் பீன் என்பார்கள்; @பீன் அனோடேஷனில் இனிட்மெத்தட் என்று பெயரைக் கொடுத்துவைப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே கிளாஸில் இருந்தால் இதே வரிசையில் ஓடும். புதிதாக எழுதும்போது முதலாவது போதும். மூலநிரல் நம் கையில் இல்லாத லைப்ரரி கிளாஸ்களுக்கு மூன்றாவது உதவும்.

ஃபீல்டு இன்ஜெக்ஷனிலும் செட்டர் இன்ஜெக்ஷனிலும் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடிந்த பிறகுதான் சார்புகள் வந்து சேரும். கன்ஸ்ட்ரக்டருக்குள் களஞ்சியத்தைத் தொட்டால் அங்கே நல் (null, எதுவும் இல்லை என்ற மதிப்பு) மட்டும்தான் இருக்கும். எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று என்று கன்டெய்னர் சொல்லும் இடமாக இந்த மெத்தட் வந்தது. சார்புகளைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே வாங்கும் கிளாஸுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

@இன்ஜெக்ட்மாக்ஸ் போட்டிருக்கிறேன். ஆனாலும் நல்பாயின்டர்எக்ஸப்ஷன் வருகிறது. ஏன்?

@போஸ்ட்கன்ஸ்ட்ரக்டைப் படித்துக் கூப்பிடுவது கன்டெய்னரின் வேலை. மாக்கிட்டோ கன்டெய்னர் இல்லை. @இன்ஜெக்ட்மாக்ஸ் செய்வது ஒன்றுதான்: ஆப்ஜெக்டை உருவாக்கி, கையிலுள்ள மாக்குகளைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவோ செட்டர் வழியாகவோ ஃபீல்டிலோ பொருத்திவைப்பது. அனோடேஷன் ஒட்டிய மெத்தட் இருக்கிறதா என்று அது தேடுவதே இல்லை. உங்கள் கிளாஸில் நிரப்பு() ஓடவில்லை, மேப் நல் (null) ஆகவே கிடக்கிறது, தொகை() அதைத் தொட்டதும் விழுகிறது.

எக்ஸப்ஷன் வந்தது நல்லதுக்குத்தான். ஆபத்தான நிலை வேறொன்று. மேப்பை ஃபீல்டிலேயே காலி ஹாஷ்மேப்பாக ஆரம்பித்து வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். "இல்லாத மண்டலத்தைக் கேட்டால் பிழை எறிய வேண்டும்" என்று ஒரு டெஸ்ட். தொகை("செவ்வாய்கிரகம்") என்று கேட்கிறது, மேப்பில் இல்லை, பிழை வருகிறது, டெஸ்ட் பச்சை. நிரப்பு() ஓடவே இல்லை. மேப்பில் "வெளியூர்" கூடக் கிடையாது. எந்தப் பெயரைக் கொடுத்திருந்தாலும் அந்த டெஸ்ட் பச்சைதான் காட்டும். இதுபோல "இல்லை" என்று வரவேண்டிய டெஸ்ட்களில் மட்டுமாவது, இருக்கும் ஒன்றை முதலில் கேட்டு 90 வருகிறதா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மாக்கிட்டோவின் ஜேயூனிட் 5 எக்ஸ்டென்ஷனை மாற்றாமல் அப்படியே பயன்படுத்தினால் இன்னொரு காவலும் கிடைக்கும். எல்லாம்() மூன்று வரிசை தரும் என்று டெஸ்டுக்குள் ஸ்டப் செய்துவிட்டு (கேட்டால் எதைத் தரவேண்டும் என்று மாக்குக்கு உத்தரவிட்டுவிட்டு) நிரப்பு()வை மறந்தால், அந்த ஸ்டப்பை யாரும் பயன்படுத்தவில்லை என்று அன்னெசசரிஸ்டப்பிங்எக்ஸப்ஷன் வரும். பலர் இதைத் தொல்லை என்று நினைத்து, கண்டிப்பைத் தளர்த்தும் லீனியன்ட் முறைக்கு மாற்றிவிடுகிறார்கள். இனிட் மெத்தட் உள்ள கிளாஸ்களின் டெஸ்டில் அதைச் செய்யாதீர்கள்.

அப்படியானால் டெஸ்டில் நானே நிரப்பு()வைக் கூப்பிடலாமா? அது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. யூனிட் டெஸ்டில் கன்டெய்னரின் இடத்தில் இருப்பது நீங்கள். அது செய்வதை அதே வரிசையில் நீங்கள் செய்கிறீர்கள்: ஆப்ஜெக்டை உருவாக்குதல், சார்புகளைக் கொடுத்தல், இனிட் மெத்தடைக் கூப்பிடுதல். கன்டெய்னருக்கும் அது ஒரு சாதாரண மெத்தட் அழைப்புதான்.

கவனிக்கவேண்டியது இந்த அழைப்பு வரும் இடம். பலரும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் ஓடும் @பிஃபோர்ஈச் மெத்தடில் நிரப்பு()வைக் கூப்பிட்டுவிட்டு, ஒவ்வொரு டெஸ்டுக்குள்ளும் களஞ்சியத்தை ஸ்டப் செய்கிறார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல் போடுகிற கதை இது. நிரப்பு() ஓடும்போது மாக்குக்கு எந்த உத்தரவும் வந்திருக்காது. உத்தரவில்லாத மாக், லிஸ்ட் தரவேண்டிய மெத்தடுக்குக் காலி லிஸ்ட்டைத் தரும், எண்ணுக்கு 0, ஸ்டிரிங்குக்கு நல். ஆக நிரப்பு() பிழையே இல்லாமல் காலி மேப்போடு முடிந்துபோகும். ஸ்டப், பிறகு நிரப்பு(), பிறகு கேள்வி என்ற வரிசை மாறக்கூடாது.

டெஸ்டுக்கு டெஸ்ட் வரிசைகள் மாறுமானால், 'தயாரான_பட்டியல்' என்ற பெயரில் ஒரு உதவி மெத்தட் எழுதிக்கொள்ளுங்கள். வரிசைகளை வாங்கி, ஸ்டப் செய்து, ஆப்ஜெக்டை உருவாக்கி, நிரப்பு()வைக் கூப்பிட்டு, தயாரான ஆப்ஜெக்டைத் திருப்பித் தரட்டும். டெஸ்ட்கள் இரண்டு வரியில் முடியும்:

பட்டியல் = தயாரான_பட்டியல்(வரிசை("உள்ளூர்", 40), வரிசை("வெளியூர்", 90))
சமம்_என_உறுதிசெய்(90, பட்டியல்.தொகை("வெளியூர்"))

இந்த வடிவத்துக்கு வந்துவிட்டால் @இன்ஜெக்ட்மாக்ஸ் தேவைப்படாது. என்னைக் கேட்டால் இனிட் மெத்தட் இருக்கும் கிளாஸில் அதைத் தவிர்ப்பதே மேல். பொருத்த முடியாத ஃபீல்டை அது சத்தமில்லாமல் நல் (null) ஆகவே விட்டுவிடும். கன்ஸ்ட்ரக்டரை நீங்களே அழைத்தால் அந்தத் தவறைக் கம்பைலர் பிடித்துவிடும்.

நிரப்பு() பிரைவேட் மெத்தடாக இருக்கிறது. ரிஃப்ளெக்ஷனில் கூப்பிடட்டுமா?

முடியும். ரிஃப்ளெக்ஷன் என்பது மறைந்திருக்கும் மெத்தடையும் ஓடும்போது பெயரை வைத்துத் தேடிக் கூப்பிடும் வழி; அதற்கு ஸ்பிரிங் டெஸ்ட் தொகுப்பில் ரிஃப்ளெக்ஷன்டெஸ்ட்யூடில்ஸ் இருக்கிறது. அதன் இன்வோக்மெத்தட்() பெயரைச் சொன்னால் கூப்பிடும். ஆனால் பெயர் ஸ்டிரிங்காகப் போகிறது. நாளை யாராவது ஐடிஇ-யில் நிரப்பு()வை ஏற்று() என்று மாற்றினால் டெஸ்ட் ஓடும்போதுதான் உடையும்.

@போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தட் பிரைவேட்டாகத்தான் இருக்கவேண்டும் என்று விதி கிடையாது. பப்ளிக், பிரைவேட் இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டால் அதே பாக்கேஜுக்குள் தெரியும். டெஸ்ட் கிளாஸும் அதே பாக்கேஜ் பெயரில்தான் இருக்கப்போகிறது. டெஸ்டுக்காக மறைப்பைத் தளர்த்தலாமா என்று தத்துவம் பேசுபவர்கள் உண்டு. வெளியிலிருந்து கன்டெய்னர் கூப்பிடவேண்டிய மெத்தட் அது. அதில் மறைக்க ஒன்றுமில்லை.

மாற்ற அனுமதியில்லாத பழைய நிரல் என்றால் ரிஃப்ளெக்ஷனே கதி. அழைப்பை ஒரே உதவி மெத்தடுக்குள் அடைத்துவையுங்கள்.

இனிட் மெத்தடில் எதைச் சரிபார்ப்பது? எல்லாம்() ஒருமுறை கூப்பிடப்பட்டதா என்று வெரிஃபை செய்தால் போதாதா?

போதாது. எல்லாம்() கூப்பிடப்பட்டு, வந்த லிஸ்ட்டை எங்கேயும் போடாமல் விட்டாலும் அந்த வெரிஃபை பச்சைதான். நிரப்பு() ஓடிய பிறகு கிளாஸ் வெளியே எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். தொகை() என்ன சொல்கிறது என்பதே சோதனை. மேப்பை ரிஃப்ளெக்ஷனில் உருவி எடுத்து அளவு 3 என்று பார்ப்பதும் வேண்டாம். நாளை மேப்புக்குப் பதில் வேறு அமைப்பு வந்தால், கிளாஸ் சரியாக இருந்தும் டெஸ்ட் விழும்.

இனிட் மெத்தடில் பிழை ஒளிந்திருப்பது பெரும்பாலும் தரவில்தான். கட்டணப்பட்டியலுக்கே நான் எழுதும் டெஸ்ட்களைச் சொல்கிறேன்.

ஒரே மண்டலம் இரண்டு வரிசைகளில் வந்தால்? நிரப்பு() உள்ளே ஸ்ட்ரீமும் கலெக்டர்ஸ்.டூமேப்பும் இருந்தால், ஒரே சாவி இரண்டாம் முறை வந்ததும் இல்லீகல்ஸ்டேட்எக்ஸப்ஷன் எறியும். சாதாரண ஃபார் லூப்பில் புட்() செய்திருந்தால் கடைசியாக வந்தது முந்தையதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இரண்டில் எது வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் முடிவே செய்திருக்கமாட்டார்கள். லூப்பை ஸ்ட்ரீமாக மாற்றிய ஒரு சாதாரண ரிஃபாக்டரிங்கில் இந்த நடத்தை மாறிப்போகும். டெஸ்ட் இருந்தால் அந்த முடிவு எழுத்தில் இருக்கும்.

தொகை நல் (null) என்று வந்தால்? இங்கேயும் வித்தியாசம்: டூமேப் நல் மதிப்பை ஏற்காது, நல்பாயின்டர்எக்ஸப்ஷன் வரும்; ஹாஷ்மேப்பின் புட்() ஏற்றுக்கொள்ளும். அந்தப் பிழை இனிட்டில் வெடிக்காமல், பிறகு எப்போதோ ஒரு வாடிக்கையாளர் கேட்கும்போது வெடிக்கும்.

காலி லிஸ்ட் வந்தால்? கட்டணமே இல்லாத கூரியர் நிறுவனம் கிடையாது. ஆகவே காலி என்பது இங்கே பிழை. அப்ளிகேஷன் எழும்பாமல் நிற்கவேண்டும். உங்கள் கிளாஸில் காலி என்பது இயல்பான நிலையாக இருக்கலாம்.

இரண்டாம் முறை கூப்பிட்டால்? கன்டெய்னர் ஒருமுறைதான் கூப்பிடும். ஆனால் "கட்டணம் மாறிவிட்டது, ரீலோட் செய்யுங்கள்" என்று ஒரு பட்டன் வரும் நாளில், யாராவது இதே மெத்தடைத்தான் அதற்கும் இணைப்பார்கள். பழைய வரிசைகள் மிச்சம் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே ஒரு டெஸ்ட் எழுதிவைத்தால் நல்லது. ரீலோட் வரவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் விட்டுவிடலாம்.

இனிட் மெத்தட் தோல்வியடைவதை எப்படி டெஸ்ட் செய்வது?

முதல் பகுதி எளிது. களஞ்சியம் எக்ஸப்ஷன் எறியும்படி ஸ்டப் செய்து, அசர்ட்த்ரோஸ் வைத்து நிரப்பு()வைக் கூப்பிடுங்கள். எக்ஸப்ஷனின் வகையோடு செய்தியையும் பாருங்கள். நிஜத்தில் ஸ்பிரிங் இதைப் பீன்கிரியேஷன்எக்ஸப்ஷனுக்குள் சுற்றி, அப்ளிகேஷனைக் கிளம்பவிடாமல் நிறுத்திவிடும். நள்ளிரவில் அந்த நீண்ட ஸ்டாக்ட்ரேஸைப் படிக்கிறவருக்கு, அடியில் உங்கள் செய்தி மட்டும்தான் வழிகாட்டும். "கட்டண அட்டவணை காலி" என்று இருந்தால் பிழைத்தார்.

இரண்டாம் பகுதியைப் பலர் யோசிப்பதில்லை. நிரப்பு() முதலில் மெசேஜ் கியூ இணைப்பு ஒன்றைத் திறக்கிறது, பிறகு களஞ்சியத்தை வாசிக்கிறது என்று வையுங்கள். வாசிப்பு தோற்றால் திறந்த இணைப்பை யார் மூடுவது? பீனை அழிக்கும் முன் ஓடும் @ப்ரீடெஸ்ட்ராய் மெத்தட் இருக்கிறதே என்று தோன்றும். இனிட் வெற்றிகரமாக முடிந்த பீனைத்தான் ஸ்பிரிங் அழிப்புப் பட்டியலில் சேர்க்கிறது. பாதியில் விழுந்த பீனின் @ப்ரீடெஸ்ட்ராய் ஓடாது. ஜேவிஎம் முழுசாக நின்றுவிட்டால் சேதம் குறைவு. ஒரே ஜேவிஎம்மில் கான்டெக்ஸ்ட் (ஸ்பிரிங் கன்டெய்னரின் ஓடும் வடிவம்) மேல் கான்டெக்ஸ்டாக எழுப்பும் டெஸ்ட் தொகுப்பிலோ, பல அப்ளிகேஷன் ஓடும் சர்வரிலோ இணைப்புகள் கசிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே நிரப்பு() தன் குப்பையைத் தானே கூட்டவேண்டும். இங்கே வெரிஃபை சரியான கருவி: களஞ்சியத்தை எறியவைத்து, இணைப்பு மாக்கின் க்ளோஸ்() கூப்பிடப்பட்டதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் கன்ஸ்ட்ரக்டரிலேயே செய்துவிட்டால் தலைவலி இல்லையே?

கன்ஸ்ட்ரக்டர் இன்ஜெக்ஷன் என்றால் செய்யலாம். ஃபீல்டுகளை ஃபைனல் ஆக்கலாம், பாதி தயாரான ஆப்ஜெக்ட் என்ற நிலையே இருக்காது, டெஸ்டில் நிரப்பு()வை மறக்கவும் வழியில்லை. வந்த சார்பு நல் இல்லையா என்று பார்ப்பது, கான்ஃபிக் எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, கைக்கு வந்த லிஸ்ட்டை மேப்பாக மாற்றுவது போன்றவற்றுக்குக் கன்ஸ்ட்ரக்டரே சரியான இடம்.

டேட்டாபேஸ், நெட்வொர்க், கோப்பு என்று வெளியே போகும் வேலையைக் கன்ஸ்ட்ரக்டரில் வைத்தால், அந்தக் கிளாஸைத் தொடும் ஒவ்வொரு டெஸ்டும் அதற்கு விலை கொடுக்கும். ஆப்ஜெக்ட் பிறக்கும் முன்பே ஸ்டப் முடிந்திருக்க வேண்டும். மாக்கிட்டோ எக்ஸ்டென்ஷன் @இன்ஜெக்ட்மாக்ஸ் ஆப்ஜெக்டை உங்கள் @பிஃபோர்ஈச் ஓடுவதற்கு முன்பே உருவாக்கிவிடும். அங்கே எழுதும் எந்த ஸ்டப்பும் தாமதம்தான்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, எனக்குப் பிடித்தது. கட்டணப்பட்டியல் களஞ்சியத்தையே அறியவேண்டாம். அது வெறும் மேப்பைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கட்டும். @பீன் மெத்தடில் களஞ்சியத்தை வாசித்து, மேப்பை உருவாக்கி, அதற்குக் கொடுங்கள். இனிட் மெத்தடே காணாமல் போய்விடும். கட்டணப்பட்டியலை டெஸ்ட் செய்ய மாக் ஒன்றுகூட வேண்டாம். ரீலோட் தேவைப்படும் கிளாஸுக்கு மட்டும் இது ஒத்துவராது.

ஸ்பிரிங்பூட்டெஸ்டில் @மாக்பீன் வைத்து ஸ்டப் செய்தேன். இனிட் மெத்தட் ஸ்டப்பைக் கண்டுகொள்ளவே இல்லையே?

நேரக் கணக்குதான். ஸ்பிரிங்பூட்டெஸ்ட் முழுக் கான்டெக்ஸ்டை எழுப்பும்; @மாக்பீன் அதிலுள்ள பீனின் இடத்தில் மாக்கை வைக்கும். டெஸ்ட் மெத்தடும் @பிஃபோர்ஈச்சும் ஓடுவதற்கு முன்பே ஸ்பிரிங் கான்டெக்ஸ்ட் முழுசாக எழும்பியிருக்கும். உங்கள் மாக் உள்ளே போய்ப் பொருந்தியது, அதை வைத்து நிரப்பு() ஓடியது, காலி லிஸ்ட் வாங்கிக்கொண்டு முடிந்தது. அதற்கப்புறம்தான் உங்கள் ஸ்டப் வரி வருகிறது. ஸ்பிரிங் 6.2-இல் வந்த @மாக்கிட்டோபீனுக்கு மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. (ஸ்பிரிங் பூட் 3.4-இல் @மாக்பீன் கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்தது, 4.0-இல் எடுத்துவிட்டார்கள். மாறவேண்டிய காரணம் அதுதான்.)

கான்டெக்ஸ்ட் தேவைதான் என்றால், @டெஸ்ட்கான்ஃபிகரேஷன் கிளாஸ் ஒன்றில் @பீன் மெத்தட் எழுதி, அதற்குள்ளேயே மாக்கை உருவாக்கி, ஸ்டப் செய்து, தயாராகத் திருப்பிக் கொடுங்கள். கன்டெய்னர் கைக்குப் போகும்போதே மாக்குக்கு உத்தரவு வந்திருக்கும். நிஜக் களஞ்சியமும் கான்டெக்ஸ்டில் இருந்தால் @ப்ரைமரி ஒட்டவேண்டும். மாக்குக்குப் பதில், லிஸ்ட்டைக் கையில் வைத்திருக்கும் சின்ன ஃபேக் கிளாஸ் இன்னும் தெளிவு.

டெஸ்டுக்குள் நிரப்பு()வை மறுபடி கூப்பிடுவதும் வேலை செய்வதுபோல் தெரியும். ஆனால் ஸ்பிரிங் கான்டெக்ஸ்டைக் கேஷ் செய்து, அதே அமைப்பு கேட்கும் வேறு டெஸ்ட் கிளாஸ்களுக்கும் அதையே கொடுக்கிறது. நீங்கள் நிரப்பிய கட்டணம் பக்கத்து டெஸ்டுக்குப் போய்ச் சேரும். தனியாக ஓட்டினால் பச்சை, மொத்தமாக ஓட்டினால் சிவப்பு என்ற வியாதி இப்படித்தான் தொற்றுகிறது. @டர்ட்டீஸ்கான்டெக்ஸ்ட் மருந்துதான், ஆனால் ஒவ்வொரு முறையும் கான்டெக்ஸ்டை மறுபடி எழுப்பும் நேரத்தைப் பில்டில் கட்டவேண்டும்.

பெரும்பாலான நேரம் இந்தக் கேள்வியின் சரியான பதில், அந்த டெஸ்டுக்கு ஸ்பிரிங்கே வேண்டாம் என்பது.

நானே நிரப்பு()வைக் கூப்பிட்டால், அனோடேஷனை யாராவது அழித்துவிட்டாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்குமே?

நியாயமான சந்தேகம். இருக்கும். இதற்கு ஒரே ஒரு கன்டெய்னர் டெஸ்ட் போதும், அதுவும் சின்னது. அனோடேஷன்கான்ஃபிக்அப்ளிகேஷன்கான்டெக்ஸ்டைக் காலியாக உருவாக்குங்கள். ரிஜிஸ்டர்பீன்() மூலம் ஒரு வரிசை தரும் ஃபேக் களஞ்சியத்தைச் சேருங்கள், கட்டணப்பட்டியலைச் சேருங்கள், ரெஃப்ரெஷ்() செய்யுங்கள். கான்டெக்ஸ்டிலிருந்து பட்டியலை எடுத்து தொகை() கேளுங்கள். இரண்டே பீன், முழு அப்ளிகேஷன் இல்லை, ஆகவே வேகமாக ஓடும். ஜெனரிக்அப்ளிகேஷன்கான்டெக்ஸ்டை எடுத்துக்கொள்ளாதீர்கள், இனிட் அனோடேஷன்களைப் படிக்கும் போஸ்ட்ப்ராசஸர் அதில் தானாகச் சேராது.

இந்த டெஸ்ட் வீண் இல்லை என்பதற்கு வரலாறே சாட்சி. @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் முன்பு ஜேடிகேவோடு வந்தது; 2018-இல் வந்த ஜாவா 11-இல் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு ஜகார்த்தா இஇ 9-இல் பாக்கேஜ் பெயர் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறியது. 2022 நவம்பரில் ஸ்பிரிங் 6-உம் அந்தப் பக்கம் போனது. கன்டெய்னர் தனக்குத் தெரியாத அனோடேஷனைப் பார்த்தால் பிழை சொல்லாது, கடந்து போய்விடும். தவறான இம்போர்ட் ஒன்று போதும்: கம்பைல் ஆகும், அப்ளிகேஷன் எழும்பும், மேப் காலியாக இருக்கும்.

இனிட் மெத்தடில் @டிரான்சாக்ஷனல் போடலாமா? டெஸ்டில் ஓடுகிறது, நிஜத்தில் ஓடவில்லை.

@டிரான்சாக்ஷனல், @அசிங்க், @கேஷபிள் எல்லாம் ப்ராக்ஸி (ஆப்ஜெக்டைச் சுற்றி நின்று அழைப்புகளை இடைமறிக்கும் உறை) வழியாக வேலை செய்பவை. ஸ்பிரிங்கில் ப்ராக்ஸி சுற்றப்படுவது இனிட் மெத்தட்கள் முடிந்த பிறகு. நிரப்பு() ஓடும்போது கூப்பிடப்படுவது வெற்று ஆப்ஜெக்ட். அதன்மேல் ஒட்டியிருக்கும் @டிரான்சாக்ஷனலுக்குப் பலன் இல்லை. ஹைபர்நேட்டில் சோம்பேறித்தனமாக லோட் ஆகும் கலெக்ஷனைத் தொட்டதும் லேஸிஇனிஷியலைசேஷன்எக்ஸப்ஷன் வந்தால், முதலில் இங்கே பாருங்கள்.

மாக் வைத்த யூனிட் டெஸ்ட் இதை எந்தக் காலத்திலும் காட்டாது. வேலையை அப்ளிகேஷன்ரெடிஈவென்ட் வரும் நேரத்துக்குத் தள்ளுங்கள், அல்லது டிரான்சாக்ஷன்டெம்ப்ளேட்டை வாங்கி வெளிப்படையாகப் பயன்படுத்துங்கள். ரெடிஈவென்டுக்குத் தள்ளினால் ஒன்றை மறக்காதீர்கள்: அது வரும்போது வெப் சர்வர் ஏற்கெனவே கேட்க ஆரம்பித்திருக்கும்.

@வேல்யூ ஃபீல்டுகள் டெஸ்டில் 0 ஆக இருக்கின்றன.

@வேல்யூ, கான்ஃபிக்கில் இருக்கும் மதிப்பை ஃபீல்டுக்குக் கொண்டுவருவது; அதையும் கன்டெய்னர்தான் நிரப்பவேண்டும். டைம்அவுட் 0 என்று வைத்து இனிட் ஓடி, டெஸ்ட் பச்சையாவது வேடிக்கையான விபத்து. கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டராக மாற்றுங்கள். @வேல்யூவை அங்கேயே ஒட்டலாம்.

இனிட் மெத்தட் பின்னணி த்ரெட் தொடங்குகிறது. த்ரெட்.ஸ்லீப் போட்டுக் காத்திருக்கலாமா?

வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் 200 மில்லிசெகண்ட் போதும், பில்ட் சர்வரில் போதாது. எக்ஸிக்யூட்டரைச் சார்பாக வாங்குங்கள். டெஸ்டில், கொடுத்த வேலையை அதே த்ரெட்டில் உடனே ஓட்டும் எக்ஸிக்யூட்டரைக் கொடுங்கள். ஜாவாவில் அது ஒரு மெத்தட் ரெஃபரன்ஸ், ஒரே வரி. நேரம் பார்க்கும் இனிட் என்றால் கடிகாரத்தையும் சார்பாக வாங்கி, டெஸ்டில் க்ளாக்.ஃபிக்ஸ்ட் கொடுங்கள்.

பேரன்ட் கிளாஸிலும் இனிட் மெத்தட் இருந்தால்?

ஸ்பிரிங் பேரன்டினுடையதை முதலில் ஓட்டும். டெஸ்டில் நீங்களும் அதே வரிசையில் கூப்பிடவேண்டும். இரண்டு அழைப்பை ஒவ்வொரு டெஸ்டிலும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டியிருப்பதே, அந்த இன்ஹெரிட்டன்ஸை உடைக்க நல்ல காரணம்.

ஜாவாவுக்கு வெளியேயும் இதே கதைதானா?

ஏறக்குறைய. ஆங்குலரில் டெஸ்ட்பெட் கிரியேட்கம்போனன்ட்() கூப்பிட்டதும் என்ஜிஆன்இனிட்() ஓடிவிடாது. முதல் டிடெக்ட்சேஞ்சஸ்() வரை காத்திருக்கும். இந்த இடைவெளி உதவியானது: ஸ்டப் வேலையை அதற்குள் முடித்துக்கொள்ளலாம். சர்வீஸ் கிளாஸில் என்ஜிஆன்இனிட்() எழுதுபவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. சர்வீஸுக்கு ஆங்குலர் அதைக் கூப்பிடுவதே இல்லை, என்ஜிஆன்டெஸ்ட்ராய்() மட்டும்தான். டெஸ்டில் கையால் கூப்பிட்டுப் பச்சை வாங்கிவிட்டு நிஜத்தில் ஏமாறும் இடம் இது.

நெஸ்ட்ஜேஎஸ்ஸில் டெஸ்டிங் மாட்யூலைக் கம்பைல்() செய்தால் மட்டும் ஆன்மாட்யூல்இனிட்() ஓடாது, இனிட்()டும் கூப்பிடவேண்டும். டாட்நெட்டின் சொந்தக் கன்டெய்னரில் @போஸ்ட்கன்ஸ்ட்ரக்டுக்கு இணையான கொக்கியே கிடையாது. தொடக்க வேலையை ஐஹோஸ்டட்சர்வீஸின் ஸ்டார்ட்அசிங்க்()கில் வைக்கிறார்கள். டெஸ்டில் ஆப்ஜெக்டை உருவாக்கி, அதை அவெய்ட் செய்தால் முடிந்தது.

கவரேஜ் அறிக்கையில் இனிட் மெத்தட் 100 சதவீதம் காட்டுகிறது. பிறகு ஏன் தனி டெஸ்ட்?

ஒரே ஒரு ஸ்பிரிங்பூட்டெஸ்ட் கான்டெக்ஸ்டை எழுப்பினாலே எல்லா இனிட் மெத்தட்களின் வரிகளும் ஓடிவிடும். ஓடியது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. நிரப்பு()வில் புட்() வரியை அழித்துவிட்டு டெஸ்ட்களை ஓட்டிப் பாருங்கள். எதுவும் சிவக்கவில்லை என்றால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எங்கள் நிரலில் இனிட் மெத்தட் ஒன்று 200 வரி. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாக்கில் ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் எட்டுச் சார்புகளுக்கு ஸ்டப் எழுதியே அந்த நாள் போய்விடும்.

மெத்தடை மேலிருந்து கீழே படித்து ஒவ்வொரு வரியும் என்ன வகை என்று குறியுங்கள்: வெளியிலிருந்து வாங்குவது, வாங்கியதை மாற்றுவது, ஃபீல்டில் வைப்பது, எதையாவது திறப்பது அல்லது தொடங்குவது. பொதுவாக மாற்றும் வரிகள்தான் அதிகம், பிழைகளும் அங்கேதான். அவற்றை ஐடிஇ-யின் எக்ஸ்ட்ராக்ட் மெத்தட் வைத்து, லிஸ்ட் வாங்கி மேப் தரும் ஸ்டாடிக் மெத்தடாக வெளியே எடுங்கள். கை வைத்துத் திருத்தாமல் ஐடிஇ-யை விட்டே செய்யவைப்பது முக்கியம், ஏனென்றால் காப்பாற்ற இன்னும் டெஸ்ட் இல்லை. இனி இரட்டை மண்டலம், நல் தொகை, காலி லிஸ்ட் எல்லாவற்றையும் மாக் இல்லாமல் நேரடியாகச் சோதிக்கலாம்.

அடுத்து, திறக்கும் வரிகள். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் மேலே சொன்ன பாதியில் விழும் டெஸ்டை எழுதுங்கள்; பழைய நிரலில் அது பெரும்பாலும் முதல் ஓட்டத்திலேயே சிவக்கும். மிச்சம் இருக்கும் நிரப்பு() நாலைந்து வரிதான்: வாங்கு, மாற்று, வை. அதற்குக் கன்டெய்னர் டெஸ்ட் ஒன்றை எழுதிவிட்டு அடுத்த கிளாஸுக்குப் போகலாம்.